அமெரிக்கத் தேர்தல்: வாக்குச்சீட்டுக்கு இருக்கும் கணக்கு டாலருக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் ஒரு வாக்குச்சாவடியை மூடும்போது நிரப்ப வேண்டிய கணக்குத்தாள் ஒரே பக்கம்தான். காலையில் கைக்கு வந்த வெற்றுச் சீட்டுகள் எத்தனை? ஸ்கேனருக்குள் போனவை எத்தனை? கெட்டுப்போய்த் திரும்ப வாங்கியவை, வாக்காளரின் தகுதி சந்தேகமானதால் தற்காலிகச் சீட்டாகத் தனி உறைக்குள் போனவை, கடைசியில் மிச்சம் நின்றவை எத்தனை? பின்னால் உள்ளவற்றைக் கூட்டினால் முதல் எண் வந்தாக வேண்டும். ஒரு சீட்டு இடித்தாலும் சாவடிக் குழு அதற்கான காரணத்தைத் தேடி எழுதி வைக்க வேண்டும். அதே தேர்தலுக்காகக் கைமாறிய கோடிக்கணக்கான டாலருக்கு இப்படி ஒரு தாள் கிடையாது. அமெரிக்கத் தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போது எங்களுக்கு முதலில் உறுத்துவது இந்த வேறுபாடுதான். அங்கே குடியுரிமை பெற்றவர்கள், கிரீன் கார்டில் இருப்பவர்கள், ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பாருக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறுவேறாக உண்டு. அவற்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தில்லியிலிருந்து நாடு முழுக்கத் தேர்தலை நடத்தும் ஆணையத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, வாஷிங்டனிலும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் தோன்றும். எஃப்.இ.சி. எனப்படும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இருக்கிறது. ஆனால் அது ஒரு வாக்குச்சீட்டைக்கூடத் தொடுவதில்லை. பிரசாரப் பணக் கணக்கு மட்டுமே அதன் வேலை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இ.ஏ.சி. (தேர்தல் உதவி ஆணையம்) என்ற மற்றோர் அமைப்பு, இயந்திரங்களுக்குத் தரச்சான்று தருகிறது, மாநிலங்களுக்கு நிதியைப் பிரித்துக் கொடுக்கிறது. தேர்தலை உண்மையில் நடத்துபவை நம் மாவட்டம் போன்ற கவுண்டிகள், நகரங்கள், டவுன்ஷிப் எனப்படும் சிறு ஊராட்சிகள். மொத்தம் 10,000க்கும் மேற்பட்ட அலுவலகங்கள். விஸ்கான்சினில் மட்டும் சுமார் 1,850 நகராட்சி எழுத்தர்கள் இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சிற்றூர்களில் பகுதிநேரமாக வேலை பார்ப்பவர்கள். எந்தச் சீர்திருத்தமும் அந்த எழுத்தரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

சாவடியில் காலை வேலை

கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது குழு வந்துவிட வேண்டும். ஸ்கேனரின் சீல்களில் இருக்கும் எண்களை, அலுவலகம் கொடுத்த பட்டியலோடு இரண்டு பேர் ஒப்பிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் அந்த இருவரும் வேறுவேறு கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஓர் எண் பொருந்தாவிட்டாலும் பொறியைத் திறக்கக் கூடாது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, பேசிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு சீட்டுகள் விழும் பெட்டியைத் திறந்து, காலியாக இருப்பதை அங்கிருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும். பொறியை இயக்கியதும், எல்லா வேட்பாளருக்கும் பூஜ்யம் என்று காட்டும் சுருள் அச்சாகி வரும். அதில் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அன்றைய எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பொறி தன் ஆயுளில் எத்தனை சீட்டுகளை விழுங்கியிருக்கிறது என்று காட்டும் இன்னோர் எண்ணும் உண்டு, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஆயுள் எண்ணிலிருந்து காலை எண்ணைக் கழித்தால் வருவது அன்றைய எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

சீட்டுக் கட்டுகளைப் பிரிக்கும்போதே எண்ணிவிடுவது நல்லது. உறையின் மேல் 50 என்று அச்சிட்டிருப்பதை நம்பி எழுதிவிட்டு, இரவு பதினோரு மணிக்குக் கட்டில் 49தான் இருந்தது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு.

இரவில் கணக்கு இடித்தால் காரணம் பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். வாக்காளர்கள் சீட்டு வாங்குமுன் பதிவேட்டில் இடும் கையெழுத்துகளைவிட ஸ்கேனர் எண்ணிக்கை ஒன்று குறைவாக இருந்தால், யாரோ சீட்டை வாங்கிவிட்டு வரிசை நீளமாக இருக்கிறதே என்று கிளம்பிப் போயிருப்பார், அல்லது சீட்டை மறைப்புக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருப்பார். ஸ்கேனர் ஒன்று கூடுதலாகக் காட்டினால், தனி உறையில் போயிருக்க வேண்டிய தற்காலிகச் சீட்டு தவறிப்போய்ப் பொறிக்குள் நுழைந்திருக்கும், அல்லது கையெழுத்து வாங்காமலே ஒருவருக்குச் சீட்டு கொடுத்திருப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒருவர் தன் பெயரில் ஏற்கெனவே வாக்குப் பதிவாகியிருக்கிறது என்று வந்து நின்றால், அப்பா மகன் இருவருக்கும் ஒரே பெயரா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்பா வந்தபோது மகன் வரியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இதற்கெல்லாம் எளிய தடுப்பு ஒன்று உண்டு. மணிக்கு ஒருமுறை பதிவேட்டு எண்ணையும் பொறி எண்ணையும் அருகருகே எழுதி வையுங்கள். பிழை எந்த மணிக்குள் நடந்தது என்று தெரிந்துவிட்டால் பதினான்கு மணி நேரத்தைத் துழாவ வேண்டியதில்லை, அறுபது நிமிடத்தைத் துழாவினால் போதும்.

இதை வெறும் குமாஸ்தா வேலை என்று நினைக்க வேண்டாம். 2016இல் மிச்சிகனில் மறுஎண்ணிக்கை கேட்டபோது, டெட்ராய்ட் நகரில் பல சாவடிகளில் பதிவேட்டு எண்ணும் பெட்டியிலிருந்த சீட்டுகளும் பொருந்தவில்லை. கணக்கு இடிக்கும் சாவடியை மறுபடி எண்ண முடியாது என்பது அப்போதைய சட்டம். மோசடி எதுவும் நடக்காமலேயே, ஒன்றிரண்டு சீட்டு வேறுபாட்டுக்காகக்கூட அந்த நகரத்தின் பல சாவடிகள் மறுஎண்ணிக்கைக்குத் தகுதி இழந்தன.

எங்கே பிசகுகிறது

பெரிய குழப்பங்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால் கீழே கிடப்பது பெரும்பாலும் ஒரு சிறிய தவறுதான். மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுண்டியில் 2020இல் நடந்ததை ஒவ்வொரு தேர்தல் பணியாளரும் படித்து வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளில் கடைசி நேரத்தில் செய்ய வேண்டியிருந்த திருத்தத்தால் சில டவுன்ஷிப்புகளின் வாக்குச்சீட்டு மாறியது. சீட்டு மாறினால் அதில் உள்ள ஒவ்வொரு கட்டத்தின் வரிசையும் நகரும். எல்லா ஸ்கேனர்களின் மெமரி கார்டுகளையும் புதிதாக எழுதியிருக்க வேண்டும். சிலவற்றை மட்டுமே எழுதினார்கள். தேர்தல் இரவில் கவுண்டிக் கணினி எல்லாவற்றையும் சேர்த்தபோது, பழைய வரிசையில் வந்த எண்கள் புதிய வரிசையில் போய் உட்கார்ந்தன. குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்தக் கவுண்டியில் ஜனநாயகக் கட்சியின் பைடன் 3,000க்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னிலை என்று திரையில் வந்தது. சாவடிகளில் அச்சான காகிதச் சுருள்களிலோ எண்கள் தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தன. மறுநாளே தவறு தெரிந்து திருத்தப்பட்டது. டிசம்பரில் எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணியபோது, திருத்திய முடிவுக்கும் அதற்கும் டிரம்ப்புக்குச் சாதகமாக 12 வாக்குகள்தான் வேறுபாடு. ஆனால் அந்த ஓர் இரவின் எண் நாடெங்கும் பரவி, இயந்திரங்கள் மீதே பழியாக நிலைத்துவிட்டது. சீட்டில் ஓர் எழுத்து மாறினாலும் எல்லாக் கார்டுகளையும் புதிதாக எழுதி, தெரிந்த விடை கொண்ட சோதனைச் சீட்டுக் கட்டை எல்லாப் பொறிகளிலும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைத் திருத்தத்துக்குப் பிறகு முறையாகச் செய்திருந்தால் இது தேர்தலுக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும்.

2018இல் ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் பிசகியது சீட்டின் வடிவமைப்பு. இடப்பக்க ஓரத்தில் மூன்று மொழிகளில் நீளமான அறிவுரைகள். அவற்றுக்கு அடியில், தாளின் கீழ்மூலையில், செனட் போட்டி. அறிவுரைப் பத்தியைத் தாண்டி நேராக நடுப்பத்திக்குப் போனவர்கள் செனட் போட்டியைப் பார்க்கவே இல்லை. ஆளுநர் போட்டிக்கு வாக்களித்தவர்களைவிட செனட்டுக்கு வாக்களித்தவர்கள் அங்கே 20,000க்கும் மேல் குறைவு. மாநிலம் முழுவதிலும் அந்தப் போட்டியில் வெற்றி வித்தியாசமே 10,033தான். அறிவுரைக்குக் கீழே போட்டியை வைக்காதே என்று இ.ஏ.சி.யின் வடிவமைப்புக் கையேடு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. சீட்டு மாதிரி இணையத்தில் வெளியாகும் நாளில் நீங்கள் அதைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் உடனே எழுதிக் கொடுங்கள். அச்சுக்குப் போய்விட்டால் பயனில்லை.

அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் 2022இல் வந்த சிக்கல் அச்சுப்பொறியில். வாக்காளர் வந்ததும் அவருடைய சீட்டை அங்கேயே அச்சிட்டுத் தருவது அந்த ஊர் முறை. அந்த ஆண்டு போட்டிகள் அதிகம் என்பதால் சீட்டு 20 அங்குலமாக நீண்டது, தாளும் தடிமனானது. மையைத் தாளோடு உருக்கி ஒட்டவைக்கும் பகுதி போதிய சூட்டில் இல்லாததால் சில பொறிகளில் மை உதிர்ந்தது, ஓரக்குறிகள் மங்கின, ஸ்கேனர் சீட்டைத் திருப்பித் தள்ளியது. அப்படிப்பட்ட சீட்டைப் போடுவதற்காகவே பெட்டியில் தனி அறை இருந்தது. அதில் போட்டவை மையக் கூடத்துக்குப் போய் எண்ணப்பட்டன. ஆனால் அன்று காலை முதலே அந்த அறையில் போடாதீர்கள் என்று வதந்தி பரவிவிட்டது. மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ரூத் மெக்ரெகர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். இதில் பணியாளர்கள் பற்றிக்கொள்ள வேண்டியது இரண்டு: சோதனை ஓட்டத்தை அதே நீளம், அதே கனம் கொண்ட தாளில், அதே வேகத்தில் நடத்த வேண்டும். பொறி சீட்டை ஏற்காவிட்டால் அது எங்கே போகிறது, யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பெரிய எழுத்தில் சாவடிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும்.

தபால் உறையும் தமிழ்ப் பெயரும்

தபால் வாக்கில் சீட்டைவிட உறைதான் வம்பு. பென்சில்வேனியாவில் சீட்டை முதலில் ரகசிய உறைக்குள் போட்டு, அதை வெளி உறைக்குள் வைத்து, வெளியே கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். உள் உறை இல்லாமல் வரும் சீட்டு செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. தேதி போடாத உறைகளைப் பற்றிய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. தேதிக்கான இடத்தில் பிறந்த தேதியை எழுதிவிடுபவர்கள் உண்டு. அங்கே வேண்டியது கையெழுத்துப் போடும் நாள். அதே மாநிலத்தில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் உறைகளைப் பிரிக்கக் கூடாது. ஃபுளோரிடாவில் வாரக்கணக்கில் முன்னதாகவே பிரித்துச் சரிபார்க்கலாம். ஒரு மாநிலத்தில் அன்றிரவே முடிவு, இன்னொன்றில் நாட்கணக்கில் காத்திருப்பு என்பதற்குப் பெரிய காரணம் இந்த ஒரு விதிதான். பிந்தி வரும் முடிவு பொய்களுக்கு இடம் கொடுக்கிறது. காசு அதிகம் செலவாகாத, உடனே பலன் தரக்கூடிய சீர்திருத்தம் ஒன்றைச் சொல் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்: உறைகளை ஒரு வாரம் முன்னதாகப் பிரிக்க அனுமதியுங்கள்.

கையெழுத்தை ஒப்பிடும் மாநிலங்களில் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் இருக்கும் மாதிரி பெரும்பாலும் ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண்ணாடித் திரையில் கிறுக்கியது. அங்கே ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, தபால் உறையில் தமிழில் அழகாகக் கையெழுத்திட்டால் பொருந்தாது. பொருந்தாதவர்களுக்குச் சரிசெய்யச் சொல்லிக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரும் மாநிலங்களில், அதற்குச் சில நாட்களே அவகாசம். ஆகவே உறையில் தொலைபேசி எண் கேட்டால் தவறாமல் எழுதுங்கள்.

பெயரும் ஒரு தலைவலி. நமக்கு முதலெழுத்து, அப்பா பெயர் என்று போகிற முறை அவர்களுடைய முதற்பெயர் கடைசிப்பெயர் கட்டங்களுக்குள் அடங்காது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இல்லாதவருக்கு விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து விழுந்துவிடும். குடியுரிமைச் சான்றிதழில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை, வாக்காளர் பதிவில் மூன்றாவது வரிசை என்றானால் கணினி ஒப்பீட்டில் சிக்கும். ஜார்ஜியாவில் 2018இல் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 பதிவுகள் நிலுவையில் நின்றன. குடியுரிமை உறுதிமொழி எடுத்த வாரமே ஓட்டுநர் உரிமத்தையும் சமூகப் பாதுகாப்புப் பதிவையும் ஒரே எழுத்தில் மாற்றிவிட்டு, அதன் பிறகு வாக்காளராகப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பான வரிசை. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு மாநில இணையதளத்தில் உங்கள் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலம் படிக்க வராத அம்மாவுக்கோ மாமனாருக்கோ உதவ நீங்களே மறைப்புக்குள் உடன் போகலாம். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. அவர்கள் வேலை பார்க்கும் முதலாளியும், தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் துணைக்குப் போகக் கூடாது. சாவடியில் யாராவது தடுத்தால் பிரிவு எண்ணைச் சொல்லித் தலைமை அலுவலரை அழைக்கச் சொல்லுங்கள். சாவடிப் பணிக்குப் பெரும்பாலும் பதிவுசெய்த வாக்காளராக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் சேரலாம். பல மாநிலங்களில் 16, 17 வயது மாணவர்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்துப் பக்கப் பகடை

எண்ணி முடித்த பிறகு சரிபார்ப்பதற்குக் கொலராடோ 2017இல் நாட்டிலேயே முதலாவதாக மாநிலம் முழுக்க ஒரு முறையைக் கொண்டுவந்தது. பொதுமக்கள் முன்னிலையில் பத்துப் பக்கங்கள் கொண்ட பகடையை உருட்டி, 20 இலக்க எண் ஒன்றை உருவாக்குவார்கள். அந்த எண்ணை விதையாக வைத்துக் கணினி, எந்தக் கட்டில் எத்தனையாவது சீட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லும். இருவேறு கட்சிக்காரர்கள் அந்தக் காகிதத்தை எடுத்து, பொறி என்ன படித்தது என்று பார்க்காமலே, தாங்கள் கண்டதைப் பதிவார்கள். பிறகுதான் ஒப்பீடு. வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில நூறு சீட்டுகளிலேயே முடிந்துவிடும். நெருக்கமாக இருந்தால் முழுக் கைஎண்ணிக்கை வரை போகும். இதெல்லாம் பலிக்க இரண்டு தேவை: காகிதச் சீட்டு, அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்ற சரியான பட்டியல். 2020இல் ஜார்ஜியா சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணியபோது, ஃபிளாய்ட் கவுண்டியில் ஸ்கேன் செய்யாமல் விட்ட 2,500க்கும் மேற்பட்ட சீட்டுகள் வெளிவந்தன. யார் வென்றார் என்பதை அது மாற்றவில்லை. ஆனால் சாவடிக் கணக்குத்தாளை அன்றிரவே ஒப்பிட்டிருந்தால் அவ்வளவு பெரிய கட்டு விடுபட்டிருக்காது.

இவ்வளவும் செய்யக் காசு யார் தருகிறார்கள்? 2020ஆம் ஆண்டின் எண்கள் போதும். கூட்டாட்சித் தேர்தல்களில் போட்டியிட்டவர்களும் அவர்களுக்காகச் செலவிட்ட குழுக்களுமாகக் கரைத்தது 1,400 கோடி டாலருக்கும் மேல் என்பது அரசியல் பணத்தைக் கண்காணிக்கும் ஓப்பன்சீக்ரெட்ஸ் அமைப்பின் மதிப்பீடு. தேர்தலை நடத்த அந்த ஆண்டு காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 42.5 கோடி, பெருந்தொற்றுக்காக மேலும் 40 கோடி. போதாமல் போனதால், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஜக்கர்பெர்க்கும் மனைவி பிரிசில்லா சானும் கொடுத்த சுமார் 35 கோடி டாலரை ஒரு தொண்டு நிறுவனம் 2,500 அலுவலகங்களுக்கு மானியமாகப் பிரித்தது. முகக்கவசமும் உறைபிரிக்கும் பொறியும் ஒரு செல்வந்தரின் பணத்தில் வந்தால் சந்தேகம் எழத்தான் செய்யும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனியார் பணத்தைத் தடைசெய்தன. விஸ்கான்சின் 2024 ஏப்ரலில் வாக்கெடுப்பு மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. தடை சரியானதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனால் தடைபோட்ட கையோடு அந்த இடத்தை அரசுப் பணத்தால் நிரப்பியிருக்க வேண்டும். 2024இல் காங்கிரஸ் நாடு முழுமைக்கும் ஒதுக்கியது 5.5 கோடி டாலர் மட்டுமே.

டாலரின் பாதை

இனி பணத்துக்கு வருவோம். கொடுப்பவர் தரப்பில் தமிழர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் நன்கொடை தரலாம். ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 விசாவில் இருப்பவர்கள் அதிபர் தேர்தல் முதல் பள்ளி வாரியத் தேர்தல் வரை எதற்கும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. ஊதியமில்லாமல் தொண்டராக வேலை செய்யலாம். ஆனால் பணத்தை எப்படிச் செலவிடுவது போன்ற முடிவுகளில் தலையிடக் கூடாது. விசாவில் இருக்கும் தம்பியின் பணத்தை அண்ணன் பெயரில் கொடுப்பதும், நண்பர்கள் பெயரில் கொடுக்கச் சொல்லிப் பிறகு அவர்களுக்குத் திருப்பித் தருவதும் குற்றம்; சிறைவரை போகும். 2025-26 தேர்தல் சுற்றில் ஒரு வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்குத் தரக்கூடியது 3,500 டாலர்; கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி என்பதால் மொத்தம் 7,000. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கூடாது. ஐ.டி. கன்சல்டிங் நிறுவனம் வைத்திருப்பவர் கம்பெனி கிரெடிட் கார்டைத் தேய்த்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு: கார்ப்பரேஷனின் பணம் கூட்டாட்சி வேட்பாளருக்குப் போகக் கூடாது. தமிழ்ச் சங்கங்கள் பெரும்பாலும் 501(சி)(3) எனப்படும் வரிவிலக்குத் தொண்டு அமைப்பு வகையில் பதிவானவை. அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பொங்கல் விழா மேடையில் ஒரு வேட்பாளரை மட்டும் ஏற்றி வாக்கு கேட்க வைத்தால் சங்கத்தின் வரிவிலக்குக்கே ஆபத்து. வீட்டில் அழைத்து இட்லியும் காபியும் கொடுத்து வேட்பாளரை அறிமுகப்படுத்துவது வேறு. உங்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவில் ஒருவருக்கு, ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் சேராது.

வேட்பாளரின் பொருளாளர் தரப்பில் கெடுபிடி அதிகம். ஒருவர் தந்தது 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, தொழில், முதலாளி ஆகிய நான்கும் அறிக்கையில் வர வேண்டும். விவரம் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் ஒருமுறையாவது கேட்டு எழுதிய ஆதாரம் கையில் இருக்க வேண்டும். வந்த காசோலை 10 நாட்களுக்குள் வங்கியில் சேர வேண்டும். வரம்பை மீறிய தொகையை 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், அல்லது கொடுத்தவரின் கையெழுத்தோடு துணைவர் பெயருக்கோ அடுத்த தேர்தலுக்கோ மாற்ற வேண்டும். கடைசி 20 நாட்களில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் தனி அறிவிப்பு. இதுவரை பார்த்தால் சாவடிக் கணக்குத்தாள் போலவே இருக்கிறது, இல்லையா?

பாதை அறுபடுவது இதற்கு அப்பால். 1976இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக் கூடாது என்றது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியே செலவிடும் உரிமையைக் கார்ப்பரேஷன்களுக்கும் தந்தது. அதே ஆண்டு ஸ்பீச்நவ் வழக்கில் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படித் தனியே செலவிடும் குழு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்றது. சூப்பர் பேக் எனப்படும் இந்த வகைக் குழு பிறந்தது அங்கேதான். சூப்பர் பேக் தனக்குப் பணம் கொடுத்தவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெயர் 501(சி)(4) எனப்படும் சமூகநல வகை அமைப்பு ஒன்றின் பெயராக இருந்தால் பாதை அத்தோடு சரி. அந்த அமைப்புக்குப் பணம் தந்தவர் யார் என்று பொதுமக்களுக்குத் தெரியாது; 2020 முதல் வருமான வரித்துறைக்குக்கூடப் பெயர்கள் போவதில்லை. அதன் ஆண்டறிக்கையும், நீட்டிப்பு வாங்கினால், 2024 தேர்தல் செலவைப் பற்றி 2025 நவம்பரில்தான் வரும். இதை டார்க் மணி என்கிறார்கள். நம்மூர்க் கருப்புப் பணம் போலச் சட்டத்துக்கு வெளியே இருப்பதல்ல. சட்டம் திறந்துவிட்ட வாசல் வழியாகவே வருவது.

இன்னொரு ஓட்டை நாட்காட்டியில் இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய அறிக்கை, தேர்தலுக்கு 20 நாட்களுக்கு முன்புவரையான வரவைத்தான் காட்டும். அந்த நாள் கடந்த பிறகு ஒரு புதிய சூப்பர் பேக்கைப் பதிவுசெய்தால் என்ன ஆகும்? செலவை 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பணம் யாருடையது என்பதை வாக்குப்பதிவு முடிந்த பிறகு சொன்னால் போதும். ஊர்ப்பெயரையும் முன்னேற்றத்தையும் சேர்த்து ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டு, மூன்று வாரம் விளம்பரம் செய்துவிட்டுக் காணாமல் போகும் குழுக்கள் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

இந்த விதிகளைக் காவல் காக்க வேண்டிய எஃப்.இ.சி.யில் ஆறு ஆணையர்கள். ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேல் கூடாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்கு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் புகார் மேலே நகராது. 2019 செப்டம்பர் முதல் 2020 டிசம்பர் வரை பெரும்பாலான காலம் நான்கு பேரே இல்லை. 2025 மே மாதத்தில் மீண்டும் அந்த நிலை வந்தது. அறிக்கைகள் வந்து குவியும், இணையத்தில் ஏறும். ஆனால் அப்படிப்பட்ட காலங்களில் தவறு செய்தவர் மீது வாக்கெடுக்க ஆள் இருக்காது.

தரவைப் பார்க்க உட்காருபவர்களுக்குச் சில குறிப்புகள். எஃப்.இ.சி. தளத்தில் நன்கொடையாளருக்குத் தனி அடையாள எண் கிடையாது. ஒரே ஆள் ஐந்து எழுத்துக்கூட்டில் இருப்பார். நம் பெயர்களுக்கு இது இரட்டிப்பு. பின்கோடும் முதலாளி பெயரும் சேர்த்துத் தேடுங்கள். ஆக்ட்ப்ளூ, வின்ரெட் என்ற இணைய நன்கொடைத் தளங்கள் வழியாக வந்த 5 டாலர்கூடப் பெயரோடு பதிவாகும், ஏனெனில் இடைத்தரகராக வாங்கிக் கொடுப்பவர் எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். ஆனால் அதே நன்கொடை வேட்பாளரின் அறிக்கையிலும் வரலாம். இரண்டையும் கூட்டினால் கணக்கு உப்பிவிடும். குறிப்பு வரி என்று அடையாளமிட்டவற்றைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு வேறொரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு நிலையமும் அரசியல் விளம்பர ஒப்பந்தங்களை ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்தின் பொதுக்கோப்பில் ஏற்ற வேண்டும். யார் வாங்கினார், எந்த நிகழ்ச்சிக்கு, ஒரு முறைக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளருக்கு மிகக் குறைந்த விலையில் நேரம் தர வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் ஒரே நேரத்துக்கு இருவரும் கொடுத்த விலையை அடுத்தடுத்த தாள்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாற்று முயற்சிகளில் எங்களுக்குப் பிடித்தவை இரண்டு. சியாட்டில் நகரம் 2015இல் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டு 2017 முதல் நடத்துவது: தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர்கள் தருகிறார்கள். பிடித்த நகராட்சி வேட்பாளருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நகரம் அவருக்குப் பணம் தரும். கிரீன் கார்டு உள்ளவர்களும் பெறலாம். வாக்களிக்க முடியாத நம்மவர் ஒருவர் தன் ஊர் அரசியலில் 100 டாலர் எடையோடு நிற்க முடிகிறது.

மற்றது அரிசோனாவில் 2022இல் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நிறைவேற்றிய 211ஆம் முன்மொழிவு. மாநில அளவிலான பிரசார விளம்பரங்களுக்கு 50,000 டாலருக்கு மேல் செலவிடும் அமைப்பு, 5,000 டாலருக்கு மேல் தந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். கடைசியாகக் கைமாற்றிய அமைப்பின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. சம்பாதித்த பணத்தை முதன்முதலில் கொடுத்தவர் யாரோ, அவர்வரை பின்னோக்கிப் போக வேண்டும். பணத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கு முன் கொடுத்தவருக்குத் தெரிவித்து, வேண்டாம் என்று விலகிக்கொள்ள 21 நாள் தர வேண்டும். விளம்பரத்திலேயே முதல் மூன்று பெரிய கொடையாளர்களின் பெயர் வர வேண்டும். சட்டத்தை எதிர்த்து மாநில நீதிமன்றத்திலும் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் வழக்குகள் போடப்பட்டன. அரிசோனாவில் இருப்பவர்கள் அடுத்த தேர்தலில் தொலைக்காட்சி விளம்பரத்தின் அடியில் ஓடும் அந்த மூன்று பெயர்களை நிறுத்திப் படித்து, எஃப்.சி.சி. கோப்பில் உள்ள ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் மாநிலத்தின் தூய தேர்தல் ஆணையத்துக்கு விளம்பரம் வந்த நாள், நேரம், நிலையத்தின் பெயரோடு புகார் எழுதலாம்.